சம்பந்தி வீட்டுக் குதிரையும் மாப்பிள்ளையின் ஆராய்ச்சியும்

சேசு மரி சூசை

ஆவூர்,
1938 செப்டம்பர்

சென்னைப் பட்டணத்தில் ஆராய்ச்சி உத்தியோகம் பார்க்கும் மூத்த மாப்பிள்ளை டாக்டர் சூசைராஜ் அவர்கள் திவ்ய சமூகத்துக்கு, மாமனார் சவரியப்பன், ரோட்டு மேஸ்திரி (ஓய்வு), எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், தங்கள் மாமியார் அந்தோணியம்மாள், தங்கள் கொழுந்தியாள் மரிய செல்வி, கறவை மாடு, கன்று யாவரும் சர்வேசுரன் கிருபையால் சுகம். அவ்விடம் தாங்களும் என் மகள் லூர்தம்மாளும் சுகமாயிருப்பதைப் பற்றி ஆண்டவரைப் பிரார்த்திக்கிறோம். சுகம் என்று மேலே எழுதியது வழக்கத்தை முன்னிட்டுத்தான். மாடும் கன்றும் சுகம் என்பது மட்டும் உண்மை.

தங்கள் ஆராய்ச்சிக்கு நான் அனுப்ப ஒப்புக்கொண்ட சரக்கு ஏன் வந்து சேரவில்லை என்று கேட்டுக் கடிதம் போட்டிருந்தீர்கள். சரக்கு வராத காரணத்தை எழுதினால் இந்த வீட்டில் நடந்த எல்லாவற்றையும் எழுதியாக வேண்டும். ஆகையால் பொறுமையாக வாசிக்கவும். லூர்தம்மாளுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். அவள் சிரிப்பாள்.

போன பாஸ்காத் திருநாளுக்குத் தாங்கள் வந்திருந்தபோது பங்குச் சாமியார் வீட்டுச் சமையலுக்கென்று காயடித்து வளர்த்த சேவல் ஒன்றை வாங்கி வரச் சொன்னீர்கள். அது கொண்டை வெளுத்து, சுருங்கி, கோழிகளோடு கோழியாகத் தவிட்டைப் பொறுக்கிக்கொண்டு ஒரு வம்புக்கும் போகாமல் இருந்தது. தாங்கள் ஒரு சின்னச் சீசாவிலிருந்து எண்ணெய் மாதிரி எதையோ அதற்குத் தினமும் ஊசி போட்டீர்கள். கொண்டை சிவந்தது, நிமிர்ந்தது, சேவல் கூவியது, பக்கத்து வீட்டுச் சேவலின் கண்ணைக் கொத்தியது, ஊரிலுள்ள பெட்டைக் கோழிகளுக்கெல்லாம் நிம்மதியில்லாமல் போயிற்று. நான் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது தாங்கள் எனக்கு விளக்கம் சொன்னீர்கள். கொழுப்பில் மெழுகு மாதிரி ஒரு வஸ்து இருக்கிறது, அதை எடுத்துத்தான் நம் உடம்பு ஆண் சத்தையும் செய்கிறது, பெண் சத்தையும் செய்கிறது, ஆணுக்கு விதையிலும் பெண்ணுக்குச் சூல்பையிலும் அது தயாராகி ரத்தத்தோடு ஓடுகிறது, கொண்டைக்குப் போனால் கொண்டை சிவக்கிறது, தொண்டைக்குப் போனால் கூவல் வருகிறது, நமக்கு மீசை வருகிறது, வேலை முடிந்ததும் மிச்சம் மூத்திரத்தில் போய்விடுகிறது, இதற்கு ஹார்மோன் என்று பெயர் என்றீர்கள். தாங்கள் பட்டணம் போன பிறகு ஊசி நின்றது. சேவலின் கொண்டை திரும்பவும் வெளுத்துச் சுருங்கிவிட்டது. அதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. சாமியார் வீட்டுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர்கள் அதைச் சாப்பிட்டுவிட்டார்கள்.

அந்தச் சேவலைக் கண்ணால் கண்ட நம்பிக்கையில்தான், தங்கள் உத்தியோகம் நிலைப்பதற்கு ஆண்பிள்ளைகளின் மூத்திரம் நிறைய வேண்டும் என்று எழுதியதும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பதில் போட்டேன். ஜெர்மனி தேசத்தில் யாரோ ஒருவர் போலீஸ்காரர்களிடம் கேட்டு வாங்கினார் என்றும், ஒரு குளத்தளவு வாங்கிக் காய்ச்சியதில் சிட்டிகை உப்பளவுகூடச் சத்து தேறவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். நம் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துப் போலீஸ் ஜெர்மனிப் போலீசுக்கு இளைத்ததா என்று எனக்குத் தோன்றியது. மண்ணெண்ணெய் டின் ஒன்றைக் கழுவி எடுத்துக்கொண்டு ஒரு ஸ்டேஷனுக்குப் போனேன். எந்த ஸ்டேஷன் என்று எழுதமாட்டேன். அங்கே ஹெட் கான்ஸ்டபிள் முனியசாமி எனக்குப் பழக்கம்.

"என்னங்க மேஸ்திரி, டின்னும் கையுமா வாரீங்க, தேனா?" என்றார்.

"இப்ப ஒண்ணும் இல்லைங்க. நீங்கதான் ரொப்பித் தரணும்" என்று விஷயத்தைச் சொன்னேன்.

"எங்க மூத்திரத்துல அப்படி என்னங்க இருக்கு?"

"ஆம்பளத்தனம் இருக்குதுங்க. மாப்பிள்ளை அதைக் காய்ச்சி எடுப்பாரு."

முனியசாமி மீசையைத் தடவிக்கொண்டு, "இத்தனை நாளும் வேலியோரமா வீணாப் போச்சேங்க" என்றார்.

வேலை சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் டின்னில் எல்லாருடையதையும் கலந்தால் யாருடையதில் சத்து அதிகம் என்று எப்படித் தெரியும் என்று ஒரு கான்ஸ்டபிள் கேட்டுவிட்டார். அதிலிருந்து ஆளுக்கொரு சீசா வேண்டும் என்றார்கள். சீசாவுக்கெல்லாம் பேர் ஒட்ட வேண்டும் என்றார்கள். பட்டணத்திலிருந்து முடிவு வந்ததும் சுவரில் எழுதிப் போட வேண்டும் என்றார்கள். மீசை சரியாக வளராத இளைய கான்ஸ்டபிள் ஒருவர் மட்டும் தனக்கு நீர்க்கடுப்பு என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார். சீசாக்களை வரிசையாக பெஞ்சின் மேல் வைத்துப் பேர் எழுதிக்கொண்டிருக்கும்போது இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். "என்ன இது?" என்றார். முனியசாமி நாக்குக் குழறி, "சாராயக் கேசுங்க" என்று சொல்லிவிட்டார். இன்ஸ்பெக்டர் ஒன்றைத் திறந்து மோந்து பார்த்து, "மோசமான சரக்கு, ஜனங்கள் செத்துப்போவார்கள்" என்று சொல்லி எல்லாவற்றையும் சீல் வைத்துப் புதுக்கோட்டைப் போலீஸ் கச்சேரிக்கு அனுப்ப உத்தரவு போட்டார். அனுப்பிவிட்டார்கள். சீசா மேல் இருக்கிற பேரெல்லாம் சாராயம் காய்ச்சியவர்கள் பேர் என்று அங்கே நினைத்துக்கொண்டார்களாம். முனியசாமி இப்போது என்னோடு பேசுவதில்லை.

இதற்குள் தங்கள் அடுத்த கடிதம் வந்தது. ஆண் குதிரையின் நீர் கிடைத்தால் இன்னும் விசேஷம் என்று எழுதியிருந்தீர்கள். இந்தச் சுற்றுவட்டாரத்தில் அப்படிப்பட்ட குதிரை ஒன்றே ஒன்றுதான். இலுப்பூருக்குப் பக்கத்தில் அடைக்கலசாமி வீட்டில் நிற்கும் ராஜா என்கிற வெள்ளைக் குதிரை. அடைக்கலசாமி யார் என்று தங்களுக்குத் தெரியும். அவருடைய மகன் இன்னாசிமுத்துவுக்குத்தான் நம் மரிய செல்வியைக் கேட்டு அவர்களாகவே ஆள் அனுப்பினார்கள். பையன் நல்ல மாதிரி. செல்விக்கும் சம்மதம் என்று அவள் அம்மா சொன்னாள். வரும் ஞாயிற்றுக்கிழமை கோவிலில் கல்யாண அறிவிப்பாக முதல் ஓலை வாசிப்பதாக இருந்தது. அதற்கு முன் ஒரு தடவை பேசி முடித்துக்கொள்ளலாம் என்று நானும் மாமியாரும் வண்டி கட்டிக்கொண்டு போனோம். டின்னையும் வண்டியில் போட்டுக்கொண்டேன். அதை எடுத்து வைக்கும்போதே தங்கள் மாமியார், "இது எதுக்கு?" என்றாள். "சும்மா" என்றேன்.

நல்ல மரியாதை. முறுக்கு, வாழைப்பழம், காப்பி. காப்பியைக் கொண்டு வந்து வைத்தது அடைக்கலசாமியின் சம்சாரம் ஜெபமாலையம்மாள். முந்தானையை எப்போதும் தாடை வரைக்கும் இழுத்துப் பிடித்திருக்கிற அடக்கமான அம்மாள். பேச்செல்லாம் நல்லபடியாக முடிந்தது. அடைக்கலசாமி சந்தோஷத்தில், ராஜாவை அவிழ்த்து வரச் சொல்லித் தன் குதிரைக்காரன் பிச்சையிடம் சொன்னார். குதிரை வந்து நின்றது. நானும் பல குதிரை பார்த்தவன். இது வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"சம்பந்தி, ஒரு ஒத்தாசை வேணுமுங்க. குதிரையோட மூத்திரம் கொஞ்சம் வேணும். எங்க மாப்பிள்ளை மருந்து ஆராய்ச்சி பண்றாரு."

அடைக்கலசாமி சிரித்தார். "இதுக்கா இம்புட்டுத் தயக்கம்? டேய் பிச்சை, வாளிய வச்சுப் பிடிச்சுக் குடுடா. எங்க ராஜாவோடதுன்னா சும்மாவாங்க, மருந்தாக் குடிச்சா நடக்கமாட்டாதவன்கூட மீசைய முறுக்கிக்கிட்டு எந்திரிச்சு ஓடுவான்."

இந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் முப்பது வருஷம் சமஸ்தான ரோட்டில் உழைத்தவன், ஜல்லி மட்டமென்றால் மட்டம் என்று முகத்துக்கு நேரே சொல்லிப் பழகிவிட்டேன். சம்பந்தியாகப் போகிறவரைத் தப்பான நினைப்பில் விடக்கூடாது என்று, "இல்லைங்க, அதுல இருக்கிறது பொம்பளச் சத்துங்க" என்றேன்.

"என்ன சொன்னீங்க?"

"பொம்பளச் சத்துங்க. எந்தப் பிராணியோட மூத்திரத்துலயும் இல்லாத அளவுக்கு அது ஆங்குதிரை மூத்திரத்துலதான் இருக்குதாம்."

"எங்க ராஜாவைப் பொட்டைங்கிறீங்களா?"

"ஐயையோ, இல்லைங்க. தார்ப் பீப்பாய் ஒண்ணுதான். இங்கிட்டு ஊத்துனா திருச்சி ரோடு, அங்கிட்டு ஊத்துனா மதுரை ரோடு. அதுமாதிரி ஒடம்பு ஒரே கொழுப்புல இருந்து ரெண்டு சத்தையும் செய்யுது. ஆம்பளச் சத்தையே லேசா மாத்தினாப் பொம்பளச் சத்து ஆயிருது. இப்பக் காயடிச்ச குதிரைன்னு வச்சுக்கங்க..."

"எங்க ராஜாவைக் காயடிக்கிற பேச்சு வேறயா!" என்று அடைக்கலசாமி எழுந்துவிட்டார்.

அந்த வாக்கியத்தை நான் முடிக்கவே இல்லை. முடித்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். அவரைச் சமாதானப்படுத்துவதற்காக, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, உங்கள் உடம்பிலும் கொஞ்சம் பெண் சத்து இருக்கிறது, என் உடம்பிலும் இருக்கிறது என்று சொன்னேன். அவர் முகம் இன்னும் சிவந்தது. சரி, மறு பக்கத்தையும் சொல்லிவிட்டால் தராசு சமமாகிவிடும் என்று நினைத்து, "பொம்பளைங்களுக்கும் ஆம்பளச் சத்து உண்டுங்க. வயசாகித் தூரம் நின்னதுக்கப்புறம் பொம்பளச் சத்து வத்திப்போகும், இது அப்படியே இருக்கும், அதனாலதான் சில பேருக்குத் தாடையில மயிர் மொளைக்குது" என்றேன்.

மாப்பிள்ளை, நான் சத்தியமாக அந்த ஜெபமாலையம்மாளைப் பார்க்காமல்தான் சொன்னேன். குதிரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் தங்கள் மாமியார் பார்த்துவிட்டாள். அவள் பார்த்ததும் எல்லாரும் பார்த்தார்கள். பிச்சை பார்த்தான். குதிரைகூடத் திரும்பினது போல் இருந்தது. அந்த அம்மாள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையைப் பிடித்தபடியே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

திரும்பி வரும்போது தங்கள் மாமியார் ஆவூர்க் கோவில் கோபுரம் தெரிகிற வரைக்கும் பேசவில்லை. தெரிந்ததும், சிலுவை போட்டுக்கொண்டு, "ஒங்க வாயில காச்சின தார ஊத்த" என்றாள். அதற்கப்புறம் என்னோடு நேராகப் பேசுவதில்லை. சோறு வைத்துவிட்டு மாட்டைப் பார்த்து, "சாப்பிடுறவுங்க சாப்பிடலாம்" என்கிறாள்.

பிச்சை சும்மா இருக்கிறவனில்லை. இலுப்பூர்ச் சந்தையில் போய்ச் சொல்லிவிட்டான். அடைக்கலசாமி குதிரை மேல் சந்தைக்குப் போனபோது, வெற்றிலைக்காரர்களிலிருந்து மாட்டுத் தரகர்கள் வரைக்கும், "ராணியம்மா வாராங்க, வழிய விடுங்க" என்றார்களாம். அவர் குதிரையை விட்டு இறங்கி, அதைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தே போனாராம். மறுநாள் கோவில் உபதேசியார் மூலம் சொல்லியனுப்பிவிட்டார். ஓலை வாசிக்க வேண்டாம், சம்பந்தம் வேண்டாம் என்று. சொல்ல வந்த உபதேசியார் உடனே போகவில்லை. தங்கள் ஆராய்ச்சி இன்னதென்று ஊருக்குத் தெரிந்தால் அவமானம் என்று தங்கள் மாமியார், மாப்பிள்ளை பட்டணத்தில் ஆர்மோனியம் ரிப்பேர் செய்கிறார் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள் போலிருக்கிறது. கோவில் ஆர்மோனியப் பெட்டியில் ஒரு கட்டை அமுக்கினால் எழுந்திருக்கமாட்டேன் என்கிறது, கிறிஸ்துமசுக்கு வரும்போது பார்த்துத் தர வேண்டும் என்று உபதேசியார் கேட்டுக்கொண்டார். சரி என்று சொல்லியிருக்கிறேன். தாங்கள் அதையும் எப்படியாவது கற்றுக்கொண்டு வரவும்.

மரிய செல்வி அழவில்லை. முன்னைப்போலவே வேலை செய்கிறாள். முந்தாநாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "அப்பா, அந்தச் சத்துதான் மனசுக்குள்ள ஒருத்தர நெனைக்க வைக்குதான்னு மச்சானுக்கு எழுதிக் கேளுங்க. அப்படின்னா, அதை நிறுத்துறதுக்கும் மருந்து இருக்கான்னு கேளுங்க" என்றாள். நான், கேட்கிறேன் ஆத்தா என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன். மாடு அப்போதுதான் குடித்திருந்தது. மறுபடியும் காட்டினேன்.

ஆகவே மாப்பிள்ளை அவர்களுக்கு நான் கண்டிப்பாக எழுதுவது என்னவென்றால், இன்று முதல் இந்த வீட்டிலிருந்து எந்தப் பிராணியின் மூத்திரமும் பட்டணத்துக்கு வராது. மனுஷனுடையதும் வராது. தாங்கள் இனிமேல் எழுதும் கடிதத்தில் ஹார்மோன் என்ற வார்த்தை இருக்கக்கூடாது. கார்டில் எழுதவே கூடாது, தபால்காரர் வாசிக்கிறார். உத்தியோகம் நிலைக்காவிட்டால் ஊரோடு வந்து ஒரு டிஸ்பென்சரி வைத்துக்கொள்ளுங்கள், ஜுரத்துக்கும் சிரங்குக்கும் மருந்து கொடுங்கள், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ஒரு உபகாரம் மட்டும் செய்யுங்கள். அடைக்கலசாமிக்கு ஆராய்ச்சிக்கூடத்துக் காகிதத்தில் முத்திரை குத்தி, குதிரை ஆண்தான் என்று ஒரு வரி இங்கிலீஷில் எழுதி அனுப்புங்கள். சம்பந்தத்துக்காகக் கேட்கவில்லை, அது போய்விட்டது. அந்த மனிதர் சந்தைக்கு நடந்து போகிறார், அதனால்தான்.

தாங்களும் லூர்தம்மாளும் தேவமாதாவின் அடைக்கலத்தில் நோய் நொடியில்லாமல், வம்பு தும்பில்லாமல் வாழ ஆசீர்வதிக்கிறேன். தங்கள் மாமியாரும் ஆசீர்வதிக்கிறாள். மாட்டைப் பார்த்துத்தான் சொன்னாள், ஆனால் தங்களுக்குத்தான்.

இப்படிக்கு,
மனம் நொந்த மாமனார்
ம. சவரியப்பன்

பின்குறிப்பு: மேலே கண்டதை ஒட்டி வைத்துவிட்டுத் தபாலில் போடப் புறப்படும்போது வாசலில் ஒரு கூண்டு வண்டி வந்து நின்றது. உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். இறங்கி வந்தது ஜெபமாலையம்மாள். மன்னிப்புக் கேட்க எழுந்தேன். அந்த அம்மாள், "ஒக்காருங்க அண்ணே" என்று சொல்லிவிட்டு, முந்தானையைத் தாடையிலிருந்து கீழே விட்டார்கள். "அன்னிக்கு நீங்க சொன்னது நெசமா? எல்லாப் பொம்பளைக்கும் அது உள்ளதா?" என்றார்கள்.

"மாப்பிள்ளை அப்படித்தாங்க சொன்னாரு" என்றேன்.

"வருசக்கணக்கா மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால போய் ஒண்ணொண்ணாப் பிடுங்கிக்கிட்டுக் கெடக்கேன். பூசையில முழங்கால் போட்டிருக்கும்போதே அடுப்புக்குள்ள தலைய விட்டாப்பல திகுதிகுன்னு எரியுது, வேர்த்துக் கொட்டுது. என்ன பாவம் செஞ்சேனோ, சர்வேசுரன் என்னைப் பொம்பளைங்கிறதுல இருந்தே தள்ளி வச்சுட்டாரோன்னு நெனச்சு ஊர் ஊராக் கோவிலுக்குப் போனேன். சாமியார்கிட்டச் சொல்லவும் வெக்கம். நீங்க அன்னிக்குச் சொன்னதும் உள்ள போய்க் கதவச் சாத்துனேன்ல, கோவத்துல இல்லைண்ணே. ஒக்காந்து அழுதேன். இது ஒடம்போட கணக்குத்தான், என் குத்தமில்லன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுச்சு."

அப்போது தங்கள் மாமியார் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, வெளிச்சத்தில் நின்று, தன் முகத்தை நிமிர்த்திக் காட்டி, "இந்தா பாருங்க மதினி, எனக்கு மூணு இருக்கு" என்றாள். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவன், நான் பார்த்ததில்லை. இரண்டு பேரும் உள்ளே போனார்கள். சிரிப்புச் சத்தம் வெகு நேரம் கேட்டது.

வெளியே வந்த ஜெபமாலையம்மாள், "அன்னிக்குக் காயடிச்ச குதிரைன்னு ஏதோ ஆரம்பிச்சீங்களே, அவுக கத்துனதுல கேக்கல. அது என்ன?" என்றார்கள்.

"காயடிச்ச குதிரைக்கு அந்தச் சத்து வராதுங்க. முழு ஆங்குதிரைக்குத்தான் வரும். ஆம்பளச் சத்து பொங்கி வழியிறதுலதான் மிச்சம் அப்படி மாறுதாம். அது நெறைய இருந்தா ஆம்பளைங்கிறதுக்கு அதுதான் அத்தாட்சி."

அந்த அம்மாள் வாசல் பக்கம் திரும்பி, "கேட்டுச்சா?" என்று கேட்டார்கள். கூண்டு வண்டிக்குள்ளிருந்து ஒரு கனைப்புச் சத்தம் வந்தது. அடைக்கலசாமி உள்ளேயே உட்கார்ந்திருந்திருக்கிறார்.

ஆகவே மேலே எழுதியதெல்லாம் ரத்து. வரும் ஞாயிற்றுக்கிழமை முதல் ஓலை. செல்வியின் கேள்விக்குப் பதில் எழுத வேண்டாம், அவளே வேண்டாம் என்கிறாள். பெண் சத்தை வெளியிலிருந்து கொடுத்தால் பெண்களுக்கு வருகிற காந்தல் அடங்கும் என்று தாங்கள் சொன்னது நினைவிருக்கிறது. அந்த அம்மாளுக்காக அது எவ்விதம் கிடைக்கும் என்று விசாரித்து உடனே எழுதவும். குதிரையினுடையதை அப்படியே குடிக்கக் கூடாது என்று இங்கே அடித்துச் சொல்லியிருக்கிறேன். டின் பெரிதாக அனுப்பவும். இப்போதைக்கு, அவர்கள் வண்டியை ஓட்டி வந்த பிச்சை இறக்கி வைத்த, ராஜாவினுடையது நிரம்பிய டின்னை நாளைக்குக் கீரனூர் ஸ்டேஷனில் ரயிலேற்றுகிறேன். அதை இறக்கும்போது அடைக்கலசாமி முதல் முறையாகத் தலையை வெளியே நீட்டினார்.

"சம்பந்தி, டின் மேல ஆங்குதிரைன்னு கொட்டை எழுத்துல எழுதிப் போடுங்க. பட்டணத்துல மாத்திப் புரிஞ்சுக்கப் போறாங்க."

நாலு பக்கமும் எழுதியிருக்கிறேன்.